குட்டிக்கு நான் கொடுத்த தசை

மழை பெய்கிறது என்று நான் சொன்னால் எங்கள் வீட்டில் துணி காயப்போடுவார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு. எழுபத்திரண்டு வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயர், சும்மா வந்ததல்ல. என் மனைவி என் புளுகுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறாள். விருந்தாளிகளிடம் நான் முதல் வரியை முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து "பதினேழு" என்று குரல் வரும். பதினேழு என்றால், அறுப்பு மேசையில் கிடந்த செத்த முதலை தும்மியது, நான் கைக்குட்டை கொடுத்தேன். இருபத்தொன்பது என்றால், அந்த முதலையின் பல்லைத் தாள் பறக்காமலிருக்க நான் மேசையில் வைத்திருந்தபோது அதன் தம்பி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

எல்லாக் கதையிலும் ஒரு முதலை வரும். காரணம் உண்டு. முதலை மட்டும் நிஜம். மிருகக்காட்சிசாலையில் மூப்பெய்திச் செத்த முதலை ஒன்றின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பதினொரு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்தவன் நான். அதற்குப் பிறகு மூன்று வாரம் பேருந்தில் எனக்கு எப்போதும் இடம் கிடைத்தது.

ஆனால் பென்சில் வேறு. வாய் என்னுடையது, அதை நான் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வேன். பென்சில் எதிரே இருக்கும் எலும்புக்குச் சொந்தம். இல்லாத ஒரு கோட்டை நான் போட்டதில்லை. எலிக்கு ஒரு மீசை குறைந்தால் குறைந்ததாகவே வரைவேன். இது ஊரறிந்த விஷயம். எங்கள் அருங்காட்சியகத்தில் என் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். என் படத்தை யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

அந்த அருங்காட்சியகத்தின் பின்கட்டில், இரண்டாவது மாடியில், டாக்டரம்மாவின் அறை. அவர் நாடி பிடிக்கிற டாக்டர் அல்ல. அவரிடம் வரும் நோயாளிகள் செத்துப் பன்னிரண்டு கோடி வருடம் ஆகியிருக்கும். அவருக்கு உதவியாக, கல்லிலிருந்து எலும்பை ஊசியால் சுரண்டி எடுக்கிற ஒருவர். அவர் பெயரை எல்லாரும் மறந்துவிட்டோம். சுரண்டி என்றால் திரும்பிப் பார்ப்பார். மூன்றாவது ஆள் நான். நான்காவது, கீழே கொட்டகையில் களிமண்ணோடு இருக்கும் என் மருமகன். சிற்பி. பெண்ணைக் கொடுக்கும்போது நான் சொன்ன விவரங்களையெல்லாம் இன்றுவரை நினைவில் வைத்திருக்கும் பொறுமைசாலி.

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது குட்டிக்கு. குட்டி ஒரு டைனோசர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கோழி அளவுதான். கையிலும் வாலிலும் இறகு, வாயில் பல். உயரமான கூடத்தில் அதன் உருவத்தை நிறுத்துவதாகத் திட்டம். இடது பக்கம் இறகோடு, வலது பக்கம் தோலை உரித்துத் தசைகளோடு. அந்த வலது பக்கம் என் படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

யாரும் பார்த்திராத சதையை எப்படி வரைவது என்று கேட்பீர்கள். தசை எலும்பைப் பிடித்திருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். விளக்கை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தால், வெளிச்சம் சாய்வாக ஓடி, மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெரியும். தழும்பைக் கண்டதும் ஒரு பக்கம் முதலையையும் மறுபக்கம் கோழியையும் நிறுத்திக் கேட்க வேண்டும். இரண்டும் குட்டிக்குச் சொந்தக்காரர்கள். பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே மூக்கு என்றால் அது தாத்தா மூக்கு, நடுவில் பிறந்தவனுக்கும் அதுவே இருந்திருக்கும். இரண்டு பேரிடமும் உள்ள தசை குட்டிக்கும் உண்டு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் டாக்டரம்மாவும் சுரண்டியும் இரண்டு நாள் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

நான் வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், விபரீதமே அதிலிருந்துதான் வந்தது. கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒரு லென்ஸ் வலது கண்ணில். இடது கண் மூடியிருக்கும். மோவாயை ஒரு மரக்கட்டையில் ஊன்றிவிடுவேன்; தலையும் அசையாது, கண்ணும் அசையாது. எலும்பு எதிரே இடுக்கியில். கண்ணில் பட்டதையெல்லாம் முதலில் தாளில் அழுத்திப் போட்டுவிடுவேன். பிறகு யோசித்து, இது விளக்கின் நிழல், இது தூசி என்று தெரிந்தவற்றை ரப்பரால் அழிப்பேன்.

எலும்புகள் எங்களுடையவை அல்ல. வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து எட்டு மாதத்துக்கு இரவல் வந்தவை. அந்த எட்டு மாதத்தில் பதினான்கு தாள் வரைந்தேன். பதினோராவது தாள் தொடையெலும்பு.

அதில்தான் அந்தத் தழும்பு இருந்தது. வாலுள்ள அவரை விதை மாதிரி ஒன்று. முதலைக்கு அங்கே ஒன்றும் கிடையாது, கோழிக்கும் கிடையாது. டாக்டரம்மா எலும்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்தில் எலும்பு நசுங்கிச் சொரசொரவென்று இருந்தது. இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் தெரியும், இல்லை என்று நினைத்தால் தெரியாது. என்னைக் கேட்டார். நிச்சயமாகப் பார்த்தீர்களா?

"என் வாய் ஆயிரம் சொல்லும் டாக்டரம்மா," என்றேன். "என் பென்சில் இதுவரைக்கும் ஒரு புளுகு புளுகினதில்ல."

அவர் நம்பினார். எலும்புகள் இரவல் கொடுத்தவர்களிடம் திரும்பிப் போயின. அந்தத் தழும்பிலிருந்து ஒரு தசை கிளம்பினால் அது காலை உள்பக்கமாக இறுக்கும் என்று டாக்டரம்மா கணக்குப் போட்டார். காலை உள்ளே இறுக்குகிற விலங்கு என்ன செய்யும்? மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும். நீளமான ஆய்வுக்கட்டுரை ஒன்றை எழுதி முடித்தார். மருமகன் குட்டியை ஒரு அடிமரத்தில் தொற்ற வைத்துக் களிமண்ணில் செய்தார். அந்தத் தசைக்கு விளையாட்டாகப் 'பெரியவர் தசை' என்று சுரண்டி பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. நான் படியேறும்போது என் தொடையை நானே ஒருமுறை தட்டிக்கொள்வேன்.

வியாழக்கிழமை களிமண்ணுக்கு மேல் அச்சு எடுப்பதாக ஏற்பாடு. அன்றைக்கே கட்டுரையும் ஆய்விதழுக்குப் போகிறது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை, கடைசி வண்ணப் படத்தில் குட்டியின் கால் நகத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். சுரண்டி ஏதோ கேட்டார். லென்ஸைக் கழற்றாமலே நிமிர்ந்தேன்.

எதிர்ச் சுவரில் தழும்பு இருந்தது.

வாலுள்ள அவரை விதை. அதே சாய்வு, அதே வால். சுவரில் கறை போலிருக்கிறது என்று நினைத்துக் கூரையைப் பார்த்தேன். கூரையிலும் இருந்தது. டாக்டரம்மா வெள்ளை மேலங்கியோடு குறுக்கே போனார். அவர் முதுகில் இருந்தது. கடைசியில் சுரண்டியின் வழுக்கைத் தலையில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. வழுக்கைத் தலையிலிருந்து ஒரு தொடைத் தசை கிளம்புவதாக இதுவரை எந்த நூலிலும் இல்லை.

லென்ஸைக் கழற்றினேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். லென்ஸ் இல்லாமலும் இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் கண்ணில் செய்தித்தாளின் வரிகள் நடுவில் தொய்ந்து தெரிந்தன. அச்சகத்துக்காரன் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடிதம்கூடப் போட்டேன்.

தொடையெலும்பின் புகைப்படங்களை எடுத்து இடது கண்ணால் பார்த்தேன். சொரசொரப்பு இருந்தது. தழும்பு இல்லை; இருக்கிறது என்று நம்பியவருக்கு மட்டும் அந்தச் சொரசொரப்பில் அது தெரியும். அது எலும்பில் என்றைக்குமே இருந்ததில்லை. என் கண்ணிலிருந்து எடுத்து அங்கே நான் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கண் போன கதை வெளியே வரும். கண் போன படக்காரனுக்கு அந்த மாடியில் என்ன வேலை? சொல்லாவிட்டால், பன்னிரண்டு கோடி வருடம் யார் வம்புக்கும் போகாமல் கல்லுக்குள் கிடந்த ஒரு ஜீவனின் தொடையில் இல்லாத சதையை ஒட்டி, ஏறாத மரத்தில் ஏற்றி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டப்போகிறோம். வாயால் நான் யாரை ஏமாற்றினாலும் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். குட்டிக்குச் சிரிக்கத் தெரியாது. அதற்காகப் பேச இருந்தது ஒரு பென்சில்தான், அதுவும் புளுகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மாவின் மேசைக்கு முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தசை கிடையாது, அது என் கண்ணில் உள்ள பொட்டு, வியாழக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஐயா, உங்க பேர வெச்சதுல உங்களுக்கு ஒரே கூச்சம். அடக்கத்தக்கூட உங்களால புளுகாம காட்ட முடியல."

சத்தியம் செய்தேன். என் சத்தியங்களுக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு சரித்திரம் இருந்தது. தேநீர் நேரத்துக்குள் சுரண்டி விஷயத்தை மூன்று மாடிக்கும் கொண்டுபோய்விட்டார். எதிரே வந்தவர்களெல்லாம், பெரியவரே, என் சட்டையில் தசை இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன், இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பொய் சொன்ன காலத்தில் அவர்கள் இவ்வளவு சிரித்ததில்லை.

கொட்டகைக்குப் போனேன். மருமகன் முழங்கை வரை களிமண்ணோடு, ஈரத்துணியால் குட்டியின் தொடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார்.

"மாமா, போன வருஷம் வீட்ல தீ பிடிச்சிருச்சுன்னு போன் பண்ணீங்க. நான் மண்ணு கையோட ஓடி வந்தேன். முதலை பால் காய்ச்சுறப்ப பொங்கிருச்சுன்னீங்க."

"அது வேற மாப்ள."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான் மாமா. நாலு மாசம் செஞ்சிருக்கேன். வியாழக்கிழமை அச்சு எடுக்கணும். போய் சாப்பிடுங்க."

அவர் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் அந்தத் தசையைப் பிய்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன். என் விரல் தொடையில் படவில்லை. ஒரு சாண் தள்ளி மரப்பட்டையில் போய்க் குத்தியது. அதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கோபமாகப் பிடிக்கவில்லை, குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அறுந்த பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பித்ததும் வழக்கம்போல எண் சொல்வதற்காகத் தலையை லேசாகச் சாய்த்தாள். சுவர், கூரை, வழுக்கைத் தலை, மருமகன் என் கையைப் பிடித்தது எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் எண் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுல முதலையே வரல," என்றாள்.

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். முகத்தை என் முகத்துக்கு எதிரே கொண்டுவந்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். முடி தெரிகிறது என்றேன். காது தெரிகிறது. மோவாய் தெரிகிறது.

"மூக்கு?"

நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிற மூக்கு. எத்தனையோ சண்டையில் அதைப் பற்றிச் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"இல்ல," என்றேன்.

கையை எடுக்காமலே, இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று திட்டத் தொடங்கினாள். திட்டி முடிக்கும்போது, நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள்.

புதன்கிழமை இருபத்தாறு படி ஏறி வந்தாள். டாக்டரம்மா எழுந்து நாற்காலி போட்டார். என் வீட்டுக்காரர் சொல்வது உண்மை என்று இவள் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா, நீங்களுமா என்றார். வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுங்கள், லென்ஸ் வழியாகத் தெரிவதை வரைந்து காட்டுகிறேன் என்றேன். கொடுத்தார்கள். வெறும் தாளைப் பார்த்து, அதே தாளில், வாலுள்ள அவரை விதையை வரைந்தேன். சுரண்டி எட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பெரியவர் தூக்கத்தில்கூட வரைவார் என்றார். உண்மைதான். கண் தெரியாதவன் தனக்குத் தெரியவில்லை என்று சொல்வான். புளுகனும் அதையேதான் சொல்வான். என்னிடமே எனக்குச் சாட்சி இல்லாமல் போய்விட்டது. அந்த நிமிடம் முதலை செத்துக் கிடந்த மேசையில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டரம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். இரண்டு வருட உழைப்பு, எழுதி முடித்த கட்டுரை, மரத்தில் ஏறி நிற்கும் குட்டி எல்லாம் அந்த விதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, பொய்யின்னு சொல்லிடுங்க. உங்க கையால வரைஞ்சதுன்னுதான நான் நம்பினேன். இப்ப ஒரு தடவை பொய்யின்னு சொல்லிடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் பொய்யைக் கெஞ்சிக் கேட்டார். என்னிடம் கையிருப்பு இல்லை.

என் மனைவி அப்போதுதான் பேசினாள். "இவரு எதையும் முதல்ல போட்டுட்டுத்தான் அப்புறம் அழிப்பாரு. சாமான் வாங்கச் சீட்டு எழுதினாக்கூட அப்படித்தான், கை அழுத்தத்துல கீழ் தாள் வரைக்கும் பள்ளம் விழும். அந்தத் தாள்ல எல்லாம் அழிச்ச இடம் இருக்குமே. அத பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அழித்ததை எதற்குப் பார்க்க வேண்டும்?

சுரண்டி அலமாரியிலிருந்து பதினான்கு தாள்களையும் எடுத்து வந்தார். தேதி போட்டவை. ஜன்னல் திரையை இழுத்தார். விளக்கை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தார், எலும்புக்கு வைப்பது போல.

முதல் தாள், மண்டையோடு. ஒன்றுமில்லை. இரண்டாவது, கழுத்து. ஒன்றுமில்லை. மூன்றாவது தாளில், சரியாக நடுவில், ரப்பர் தேய்த்த இடத்தில் ஒரு எள் அளவு பள்ளம் நிழல் விழுந்து தெரிந்தது. ஐந்தாவதில் பருப்பு அளவு. எட்டாவதில் அதற்கு வால் முளைத்திருந்தது. விளக்கின் நிழல் என்று நினைத்து நானே அழித்தவை எல்லாம். தோள்பட்டையானாலும் விரலானாலும் அது தாளின் நடுவிலேயே இருந்தது. பதினொன்று தொடையெலும்பு. அங்கே மட்டும், தழும்பு இருக்கக்கூடிய இடத்தில் அது விழுந்ததால், நான் அழிக்கவில்லை. பன்னிரண்டில் பெரிதாகியிருந்தது. பதினான்கில் கட்டைவிரல் நகம் அளவு.

டாக்டரம்மா பதினோராவது தாளின் தழும்பை டிரேசிங் தாளில் நகலெடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். அவசரப்படாமல் பதினான்கையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கண் எப்படிச் செத்தது என்பதைத் தேதிவாரியாக வரைந்து வைத்திருந்தேன். இவ்வளவு துல்லியமான வேலையை நான் வேறெங்கும் செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

அவர் தொலைபேசியை எடுத்துக் கொட்டகைக்குப் பேசினார். "அச்சு வேண்டாம். மரத்துலேர்ந்து இறக்கிடுங்க," என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு, கட்டுரைக் கட்டை எடுத்து இழுப்பறையில் போட்டு, அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் மண்ணு கையோடு ஓடி வந்தார். சுரண்டி அவருக்குத் தாள்களைக் காட்டினார். மருமகன் தாளைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"மாமா, நேத்து நான்..." என்றார். மரப்பட்டை நன்றாக அமைந்திருந்தது என்று நான் சொன்னேன்.

வண்ணப் படத்திலிருந்து அந்தத் தசையை நானே அழிக்கிறேன் என்றேன். விட்டார்கள். நிறத்தைக் கத்தி நுனியால் சுரண்டி, பிறகு ரப்பர். லென்ஸ் போடவில்லை. என் மனைவி தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். இடது பக்கம் இருக்கிறது என்றாள். போதும் என்றாள். குட்டியின் தொடை மெலிந்து, பழையபடி தரையில் ஓடுகிற தொடையாக ஆகியிருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். ஜன்னல் திரையைத் திறந்திருந்தார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் எதிர்க்கட்டடத்து ஜன்னல் கம்பிகள் நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தன. கட்டிய கொத்தனார் சரியில்லை.

டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "இடது கண்ணு நல்லா இருக்குல்ல ஐயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருமகனின் கையிலிருந்து களிமண் ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"பிரமாதமா இருக்கு," என்றேன். "இப்பக்கூட எதிர் ஜன்னல்ல ஒரு முதலை உக்காந்து நகம் வெட்டிக்கிட்டிருக்கு. இந்தக் கையில நாலு வெட்டியாச்சு, ஒண்ணு பாக்கி."

சுரண்டி முதலில் சிரித்தார். பிறகு மருமகன். டாக்டரம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். பெரியவர் பழையபடி ஆகிவிட்டார் என்று அவர்களுக்கு நிம்மதி. நான் என் மனைவியின் எண்ணுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

அவள் என் பையை எடுத்துக்கொண்டாள். லென்ஸைத் துடைத்து அதற்குள் போட்டாள். படிக்கட்டுக்கு வந்ததும் என் முழங்கையைப் பிடித்தாள். இத்தனை வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய படிகள்தான் அவை. மேல் படியில் நின்று, நான் காலைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

இருபத்தாறு வரைக்கும் ஒன்றுகூட விடாமல் சொன்னாள்.